சில்லுவாதில்: வாகனத்திற்கு வந்த சட்டம் வாசலுக்கு வராத கதை

2020 ஜூன் 15 அன்று எர்ணாகுளம் மாவட்டம் பெரும்பாவூரில் ஒரு பெண் வங்கிக்குச் சென்றார். உள்ளே நுழைந்த பிறகு வண்டிச் சாவியை வெளியிலேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. அதை எடுக்க விரைந்து வெளியேறினார். எதிரே மூடியிருந்த கண்ணாடிக் கதவு அவர் கண்ணுக்குக் கதவாகத் தெரியவில்லை. மோதினார், கதவு உடைந்தது, உடைந்த துண்டு வயிற்றில் பாய்ந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுசென்றும் உயிர் பிழைக்கவில்லை. கண்காணிப்புக் கேமராவின் அந்தச் சில நொடிப் பதிவைக் கேரளம் முழுவதும் பார்த்தது. பார்த்தவர்களில் நானும் ஒருவர்.

அன்று பெரும்பாலானோர் சொன்னது 'அவசரம்' என்ற ஒற்றைச் சொல்லைத்தான். சற்று நிதானமாக நடந்திருக்கலாம் என்றார்கள். எனக்கோ வேறொரு கேள்வி எழுந்தது. மனிதர் மோதுவது இயல்பு. ஆனால் மோதியவரைக் கொல்லும் பொருளைக் கதவாக வைக்கலாம் என்று யார், எப்போது முடிவு செய்தார்கள்? அந்தக் கேள்வியின் பின்னால் சென்றபோது கிடைத்த வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். சற்று நீளமான பதிவு, பொறுத்துக்கொள்க.

மொழியியல் படித்த பழக்கத்தால் முதலில் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். தமிழில் முகம் பார்ப்பதும் கண்ணாடி, மூக்கில் அணிவதும் கண்ணாடி, சன்னலில் பொருத்துவதும் கண்ணாடி. மலையாளம் இம்மூன்றையும் பிரித்து வைத்திருக்கிறது. முகம் பார்ப்பது 'கண்ணாடி', அணிவது 'கண்ணட', சன்னலிலும் கதவிலும் இருப்பது 'சில்லு'. கண்ணாடி அலமாரி அங்கே 'சில்லலமார'. கண்ணாடிக் கதவு 'சில்லுவாதில்'. தமிழருக்கும் சில்லு அந்நியமான சொல் அன்று. தேங்காய்ச் சில்லு உண்டு. சிறுமியர் கட்டம் வரைந்து ஒற்றைக்காலில் ஆடும் ஆட்டத்தில் எறியும் ஓட்டுத்துண்டும் சில்லுதான். நமக்குச் சில்லு என்றால் உடைந்த துண்டு. மலையாளிக்கு உடையாத கண்ணாடிப் பலகையே சில்லு. கட்டடப் பாதுகாப்பில் கண்ணாடியைப் பற்றிய அடிப்படைக் கேள்வியும் இதுவே: அது உடையுமா என்பதன்று, உடைந்தால் எத்தகைய சில்லாகும் என்பது.

கண்ணாடிக் கதவு விபத்தின் மிகப் பழைய சித்திரம் மகாபாரதத்தின் சபா பருவத்தில் இருக்கிறது. மயன் கட்டிய இந்திரப்பிரத்த மண்டபத்தில் துரியோதனன் பளிங்குத் தரையை நீரென்று எண்ணுகிறான். நீரைத் தரையென்று எண்ணி விழுகிறான். பளிங்குக் கதவைத் திறந்த வழியென்று எண்ணித் தலையை முட்டிக்கொள்கிறான். கதகளி மேடையில் 'துரியோதன வதம்' ஆடப்படும்போது இந்தச் சபைக்காட்சியே பகையின் விதையாகக் காட்டப்படுகிறது. அங்கே மோதியவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பெரும்பாவூரில் மோதியவரை 'அவசரக்காரர்' என்றோம். இரண்டிலும் கட்டியவனைப் பற்றிக் கேள்வி எழவில்லை. மணிமேகலையின் பளிக்கறையும் நினைவுக்கு வருகிறது. உள்ளிருப்பவரின் உருவம் வெளியே தெரியும். இடையில் தடுப்பும் உண்டு. ஒளிக்கு வழிவிட்டு உடலுக்கு வழிமறுக்கும் பொருளின் விந்தையை நம் இலக்கியம் முன்பே அறிந்திருந்தது. ஆனால் அந்நாளில் அது அரண்மனைக்கும் சோலை மண்டபத்திற்கும் உரிய அரும்பொருள்.

கண்ணாடி சேரநாட்டுக் கடற்கரைக்குப் புதியதன்று. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிபுளூஸ் என்னும் கடல்வழி நூல், முசிறித் துறைக்கு இறக்குமதியான பொருள்களில் கச்சாக் கண்ணாடியையும் குறிப்பிடுகிறது. பட்டணம் அகழாய்வில் கண்ணாடி மணிகளும் உரோமானியக் கண்ணாடிக் கிண்ணத் துண்டுகளும் கிடைத்துள்ளன. கிழக்குக் கரையின் அரிக்கமேடு மணி செய்யும் தொழிலுக்குப் பேர்பெற்றது. இருப்பினும் இவை அனைத்தும் அணியும் கலமும்தாம். சுவரில் கண்ணாடி இல்லை.

திருவிதாங்கூரின் பழைய தலைநகரான பத்மநாபபுரத்து அரண்மனையில் மந்திரசாலையின் சன்னல்களைப் பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். அவற்றில் இருப்பது கண்ணாடியன்று. வண்ணமூட்டிய அப்பிரகத் தகடு. வெளிச்சத்தை மென்மையாக்கி உள்ளே விடும்; வெக்கையையும் தூசியையும் தடுக்கும். அப்பிரகம் ஏடு ஏடாக உரியுமே அன்றிக் கத்திபோல் பிளக்காது. 1795இல் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறியது. பிற்காலத்தில் வீடுகளுக்குள் கண்ணாடி வந்தபோதும் சிறுசிறு துண்டாகவே வந்தது. மங்களூர் ஓட்டுக் கூரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாய்ப் பதித்த கண்ணாடி ஓடு, மரச் சட்டத்திற்குள் அடங்கிய சாண் அகலச் சன்னல் துண்டு, அதற்கு முன்னால் மரக்கம்பி அல்லது இரும்புக்கம்பி. கூரை ஓட்டில் எவரும் மோத வாய்ப்பில்லை. சன்னலில் மோதினாலும் கம்பி தடுக்கும்.

கண்ணாடி வெட்டும் என்பதை நம் மக்கள் அறியாதவர்களும் அல்லர். மதிற்சுவரின் உச்சியில் சிமெண்டில் புட்டிச் சில்லுகளைப் பதித்து வைத்த வீடுகளை இந்நகரின் பழைய தெருக்களில் இன்றும் காணலாம். திருடனுக்கு அஞ்சி மதிலின் மேல் ஆயுதமாக வைத்த அதே பொருளை, ஒரு தலைமுறை கழிந்து, மக்கள் நாள்தோறும் கடந்துசெல்லும் வாசலில் ஆளுயரத்திற்கு நிறுத்திவைத்தோம். இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது?

அதற்குக் கடல்கடந்து ஒரு சுற்றுப் போய்வர வேண்டும். உருகிய கண்ணாடியைத் துளியாக நீரில் விட்டால் தலைப்பிரட்டை வடிவில் உறையும். அதன் தலையைச் சுத்தியலால் தட்டினாலும் தாங்கும். வாலைக் கிள்ளினால் முழுத்துளியும் பொடியாகச் சிதறும். 'இளவரசர் ரூபர்ட்டின் துளி' எனப்படும் இந்த வேடிக்கைப் பொருள் 1661இல் இலண்டன் ராயல் சொசைட்டியில் ஆராயப்பட்டது. 1665இல் இராபர்ட் ஹூக் தம் நூலில் இதை விளக்க முயன்றார். காரணம் இதுதான்: மேற்பரப்பு முதலில் குளிர்ந்து இறுகிவிடுகிறது, உட்புறம் பிறகு குளிர்ந்து சுருங்கும்போது மேற்பரப்பை இறுக்கிப் பிடிக்கிறது. இறுக்கப்பட்ட மேற்பரப்பில் விரிசல் எளிதில் விழாது. எங்கேனும் ஓரிடத்தில் அந்த இறுக்கம் குலைந்தால் அடைபட்டிருந்த விசை முழுவதும் ஒரே நொடியில் விடுபடும். கண்ணாடி சிறுமணிகளாக உதிரும்.

இந்த விளையாட்டைத் தொழிலாக்கியவர் பிரான்சைச் சேர்ந்த தெ லா பாஸ்டி. சூடான கண்ணாடியை எண்ணெயில் அமிழ்த்திக் குளிர்விக்கும் முறைக்கு 1874இல் அவர் காப்புரிமை பெற்றார். இன்று கண்ணாடிப் பலகையை 620 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி இருபுறமும் குளிர்காற்றைப் பாய்ச்சுகிறார்கள். நம் கடைத்தெருவில் 'டஃபன்ட்' எனப்படுவது இதுவே. சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு வலிமை உடையது. ஆயினும் வலிமையைவிட முக்கியமானது அது உடையும் விதம்: ஈட்டி போன்ற நீள்துண்டுகளாகப் பிளவாமல் கற்கண்டுபோல் நொறுங்கும்.

மற்றொரு வழி அடுக்குக் கண்ணாடி. பிரெஞ்சு வேதியியலரும் ஓவியருமான எதுவார் பெனடிக்டஸ் 1903இல் ஒரு குடுவையைத் தவறவிட்டார் என்றும், உள்ளே செல்லுலோஸ் நைட்ரேட் படிந்திருந்ததால் அது விரிசல் விட்டும் சிதறாமல் நின்றது என்றும் ஒரு கதை வழங்குகிறது. 1909இல் அவர் காப்புரிமை பெற்றார். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிசின் ஏடு. உடைந்தாலும் சில்லுகள் அதில் ஒட்டிக்கொண்டு நிற்கும். முதல் உலகப்போரில் நச்சுப்புகை முகமூடிகளில் இது பயன்பட்டது. பின்னர் மோட்டார் வண்டிகளின் முன்கண்ணாடியாயிற்று. 1920களின் இறுதியில் ஃபோர்டு நிறுவனம் தன் புதிய மாடல் ஏ வண்டியின் முன்புறத்தில் இதைப் பொருத்தி விற்றது.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பாதுகாப்புக் கண்ணாடி முதலில் சென்று சேர்ந்தது வீட்டிற்கன்று, வண்டிக்கு. வண்டி விபத்தில் கண்ணாடியின் குற்றம் எல்லாருக்கும் தெரிந்தது. வீட்டில் கண்ணாடியில் மோதியவர் தம்மையே நொந்துகொண்டார். அமெரிக்காவிலேயே கதவு, குளியலறைத் தடுப்பு போன்ற இடங்களுக்கான கட்டாயக் கூட்டாட்சி விதி 1977இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதன் சோதனை முறை எளிமையானது: ஈயக்குண்டு நிரப்பிய ஏறத்தாழ 45 கிலோ எடையுள்ள தோற்பையைக் கயிற்றில் கட்டி ஆட்டிக் கண்ணாடியில் மோதவிடுவார்கள். ஓடிவரும் மனித உடலுக்குப் பதிலாக அந்தப் பை மோதுகிறது. கண்ணாடி உடையலாம், உடைந்தால் ஆளைக் குத்திக் கிழிக்கும் விதத்தில் உடையக் கூடாது. மோதுபவர் மோதுவார் என்பதை ஒப்புக்கொண்டு எழுதப்பட்ட விதி அது. சபா பருவத்துச் சிரிப்புக்கு நேர் எதிரான மனநிலை இதில் இருக்கிறது.

இதற்கிடையில் 1959இல் இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிட்டுத் தகடாக்கும் முறையை அறிவித்தது. பெரிய, சமமான, தெளிந்த பலகைகள் மலிவாயின. 2000இல் திருப்பெரும்புதூரில் செயிண்ட் கோபேன் ஆலை இயங்கத் தொடங்கியபின் தென்னிந்தியக் கட்டடங்களுக்கு மிதவைக் கண்ணாடி அண்டைவீட்டுப் பொருளாயிற்று.

திருவனந்தபுரத்தில் இந்த மாற்றத்தின் இரு முனைகளையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தை லாரி பேக்கர் 1970களில் கட்டினார். அங்கே செங்கல்லை இடைவெளிவிட்டு அடுக்கிய சாளரச் சுவர்களே காற்றையும் வெளிச்சத்தையும் அளந்து தருகின்றன. சுவரைவிடச் சன்னலுக்கே செலவு மிகுதி என்பது பேக்கரின் கணக்கு. ஆகவே கண்ணாடியை அவர் சிக்கனமாகவே கையாண்டார். அங்கிருந்து வடக்கே கழக்கூட்டம் நோக்கிச் சென்றால் 1990இல் நிறுவப்பட்ட டெக்னோபார்க். அதன் பிற்காலப் பெருங்கட்டடங்கள் ஆகாயத்தைப் பிரதிபலிக்கும் கண்ணாடிச் சுவர்களை உடையவை. இரண்டுக்கும் நடுவே, உள்ளூரிலிருந்து கழக்கூட்டம்வரை, நகைக்கடை, துணிக்கடை, மருந்தகம், வங்கி என வரிசையாகக் குளிரூட்டிய அறைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்ணாடிக் கதவு. பெருங்கட்டடங்களுக்கு முகப்புப் பொறியாளர் உண்டு, ஒப்பந்தம் உண்டு, தரச்சான்று உண்டு. ஆபத்து மறைந்திருப்பது இந்தச் சிறுகதவுகளில்.

இனிச் சட்டத்திற்கு வருவோம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆம் விதி, வாகனத்தின் முன்கண்ணாடியும் சன்னல் கண்ணாடிகளும் பாதுகாப்புக் கண்ணாடியாகவே இருக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. கேரளத்தின் சாதாரணப் பேருந்துகள் பலவற்றில் பக்கவாட்டில் கண்ணாடிக்குப் பதில் சுருட்டித் திறக்கும் திரைதான் இருக்கும். ஆனால் முன்கண்ணாடி இந்த விதிக்கு உட்பட்டது. ஆக, கிழக்கேகோட்டையில் வந்து நிற்கும் பேருந்தின் கண்ணாடி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சட்டத்தின் கண்காணிப்பில் இருக்கிறது. அந்தப் பேருந்திலிருந்து இறங்கி நாம் நுழையும் கடையின் கதவு?

தேசியக் கட்டட விதித்தொகுப்பு முதன்முதலில் 1970இல் வெளிவந்தது. 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. கண்ணாடிக்கென ஒரு தனிப்பிரிவு 2016 பதிப்பின் ஆறாம் பகுதியில் எட்டாம் பிரிவாக இடம்பெற்றுள்ளது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் கட்டடங்களில் கண்ணாடியைப் பயன்படுத்தும் முறைக்கு ஐ.எஸ். 16231 என்ற வரிசையை வெளியிட்டது. அதன் நான்காம் பாகம் மனித மோதலைப் பற்றியே பேசுகிறது. கதவு, கதவை ஒட்டிய பக்கப்பலகை, தரையை ஒட்டிய கண்ணாடி, வழுக்கி விழக்கூடிய ஈரமான இடம் முதலியவற்றில் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். திறந்த வழியென்று மயங்கக்கூடிய இடத்தில் கண்ணுக்குத் தெரியும் குறி வேண்டும் என்பவை அதன் சாரம். கண்ணாடியின் தரத்திற்கான ஐ.எஸ். 2553 அதற்கு நெடுநாள் முன்பே இருந்தது. 2020இல் ஒன்றிய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை, பாதுகாப்புக் கண்ணாடிக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் தரக்கட்டுப்பாட்டு ஆணையைப் பிறப்பித்தது. பெரும்பாவூர் விபத்து நிகழ்ந்ததும் அதே ஆண்டில்தான்.

அப்படியென்றால் விதி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் மூன்று துண்டுகளாக இருக்கிறது. தரக்கட்டுப்பாட்டு ஆணை, பாதுகாப்புக் கண்ணாடி என்று விற்கப்படும் பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. உங்கள் கதவில் அதைத்தான் போட வேண்டும் என்று சொல்லவில்லை. பயன்பாட்டு நெறிமுறை எங்கே போட வேண்டும் என்று சொல்கிறது. அது தன்னளவில் பரிந்துரை. பரிந்துரையைக் கட்டளையாக்கக்கூடியவை மாநிலத்தின் கட்டட விதிகளும் உள்ளாட்சியின் அனுமதியும். கேரளத்தின் நகராட்சி, ஊராட்சிக் கட்டட விதிகள் 2019இல் புதுப்பிக்கப்பட்டன. அனுமதிக்காக வரைபடம் சமர்ப்பிக்கும்போது பார்க்கப்படுவன எல்லைக்கோட்டிலிருந்து விடவேண்டிய இடம், தளப்பரப்பு, வாகன நிறுத்தம், படிக்கட்டு, தீத்தடுப்பு. வரைபடத்தில் கதவு ஒரு வளைகோடு. அது மரமா கண்ணாடியா என்று அந்தக் கோடு சொல்லாது. மேலும், கட்டடம் முடிந்து சான்று பெற்ற பிறகே கடை வாடகைக்குப் போகிறது. வாடகைக்கு வந்தவர் உள்ளலங்காரக்காரரை அழைக்கிறார். அவர் கண்ணாடிக்காரரை அழைக்கிறார். சட்டத்தின் கண் மூடியபின் பொருத்தப்படும் பொருள் கண்ணாடிக் கதவு. பெரும்பாவூரைப் போன்ற மரணங்கள் இந்த இடைவெளியில்தான் நிகழ முடியும்.

இங்கே எதிர்வாதம் ஒன்றுக்கும் இடமளிக்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி எல்லா ஆபத்திற்கும் மருந்தன்று. வலுவூட்டிய கண்ணாடியில் நிக்கல் சல்பைடு துகள் சிக்கியிருந்தால் அது காலப்போக்கில் மெல்லப் பெருத்து, யாரும் தொடாமலே கண்ணாடியை வெடிக்கச் செய்யும். மெல்பர்னின் ஐ.சி.ஐ. மாளிகையிலிருந்து கண்ணாடிகள் உதிர்ந்ததை ஆராய்ந்தபோது 1960களின் தொடக்கத்தில் இந்த உண்மை வெளிப்பட்டது. ஆகவே உயரத்திலும் தலைக்கு மேலும் சிதறாமல் ஒட்டிநிற்கும் அடுக்குக் கண்ணாடியே ஏற்றது. கம்பிவலை பதித்த கண்ணாடி உறுதியானது என்ற நம்பிக்கையும் தவறு. உடலால் மோதினால் அது சாதாரணக் கண்ணாடியைப் போலவே உடையும், கம்பியும் சேர்ந்து கிழிக்கும்.

தீ வேறொரு பாடத்தைக் கற்பித்தது. 2010 பிப்ரவரியில் பெங்களூரின் கார்ல்டன் டவர்ஸ் தீவிபத்தில் ஒன்பது பேர் இறந்தனர். 2011 டிசம்பரில் கொல்கத்தாவின் ஆம்ரி மருத்துவமனையில் தொண்ணூறு பேரளவில் இறந்தனர்; அவர்களில் மிகப் பலரைக் கொன்றது நெருப்பன்று, மூடிய கட்டடத்திற்குள் நிறைந்த புகை. வெளியிலிருந்து கண்ணாடியை உடைத்தே மீட்புப்பணி நடந்தது. ஒருவர் மோதும்போது எளிதில் கிழிக்காத கண்ணாடி வேண்டும். தீப்பிடித்தால் திறந்து வெளியேறக்கூடிய சன்னலும் வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றொன்றைக் கைவிட முடியாது. கண்ணாடியின் வகையை மட்டும் கேட்பது போதாது; அது நிற்கும் இடத்தையும் கேட்க வேண்டும் என்பதே இவற்றின் பொதுப்பொருள்.

கடைக்குள் சட்டம் நுழைய முடியாது என்பாருக்கு ஒரு கேரள நிகழ்வை நினைவூட்டுவேன். துணிக்கடைகளில் நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலைபார்த்த பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் பல ஆண்டுகள் போராடினர். 2018இல் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. இருக்கை தருவது கடமையாயிற்று. ஒரு நாற்காலி சட்டத்திற்குள் வந்தது, அது இல்லாததால் வலித்தவர்கள் ஒன்றுசேர்ந்து கேட்டதால். கண்ணாடிக் கதவுக்கு அப்படி ஒரு கூட்டம் இல்லை. அதில் மோதுபவர் ஒவ்வொருவராக மோதுகிறார்; ஒவ்வொருவராக வெட்கப்படுகிறார்; தையல் போட்டுக்கொண்டு வீட்டிற்குப் போகிறார். இந்த வெட்கமே விதியின் வளர்ச்சியைத் தடுத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

சென்ற மாதம் இந்நகரில் நான் அடிக்கடி செல்லும் ஓர் அலுவலகத்தில் கதவின் மூலையைக் குனிந்து பார்த்தேன். முத்திரையிட்ட பாதுகாப்புக் கண்ணாடியில் அழியாத எழுத்தில் ஐ.எஸ்.ஐ. குறி இருக்கும். அங்கே எதுவும் இல்லை. காவலர் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் சிறிது நேரம் கதவைப் பார்த்துவிட்டு, 'இவிடெ குட்டிகளும் வரும்' என்றார். மறுவாரம் போனபோது கதவின் நடுவே, குழந்தையின் கண் உயரத்தில் ஒன்றும் பெரியவர் கண் உயரத்தில் ஒன்றுமாக, இரண்டு சிவப்பு நாடாக்கள் ஒட்டப்பட்டிருந்தன. கண்ணாடி மாறவில்லை, கதவு கண்ணுக்குத் தெரிந்தது.

நாடா ஒரு தொடக்கம், தீர்வன்று. தேவைப்படுவது மாநிலக் கட்டட விதியில் ஒரு தெளிவான வரி: பொதுமக்கள் புழங்கும் இடத்தில் ஆள் மோதக்கூடிய கண்ணாடி எப்போது பொருத்தப்பட்டாலும், புதுக் கட்டடமானாலும் பழைய கடையானாலும், முத்திரையிட்ட பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும், வணிக உரிமம் புதுப்பிக்கும்போது அது பார்க்கப்பட வேண்டும். வாகனத்திற்கு 1989இல் நாம் எழுதிக்கொண்ட வரியைத்தான் வாசலுக்கும் கேட்கிறோம்.

இதைப் படித்து முடித்தவர்கள், நாளை தாங்கள் நுழையும் முதல் கண்ணாடிக் கதவின் மூலையைக் குனிந்து பாருங்கள். குறி இல்லையென்றால் உள்ளே இருப்பவரிடம் கேளுங்கள். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.